நூற்றுக்கு ஐந்து கூடுதல்

“குற்றச்சாட்டு: 18.11.2024 அன்று, என் ஒப்புதலின்றி, நிறுவன இணையதளத் தொகுப்பிலிருந்து நாற்பத்தொரு நூலகக் கோப்புகள் அகற்றப்பட்டன.” தட்டச்சு செய்து முடித்ததும், வழக்கம்போல் இரண்டு அடிக்கோடுகள் இட்டார் அய்யாசாமி.

அருள்புரத்துப் பின்னலாடை நிறுவனமொன்றில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர்; தாமே ஜாவா என்ற கணினி மொழியைக் கற்றுக் கணினிப் பிரிவின் பொறுப்பாளரானவர். எதையும் எறிய மாட்டார். கீபோர்டு குப்பைக்குப் போன பிறகும் அதன் உத்தரவாதச் சீட்டு உறையிலிட்டு அலமாரியில் இருக்கிறது. ஆர்டர் நிலவரத்தை ஆடை வாங்கும் வெளிநாட்டு பையர்கள் பார்க்கும் இணையதளம் அவருடைய படைப்பு. அதைச் சர்வரில் ஏற்றும்போதெல்லாம், பிறர் எழுதிய நிரல்கள் அடங்கிய நூலகக் கோப்புகளை, வேண்டுமோ வேண்டாமோ, கண்ணில் பட்டதையெல்லாம் உள்ளே திணித்துவிடுவார்.

“கட்டிங்ல நூத்துக்கு அஞ்சு பீஸ் சேர்த்துத்தானுங்க வெட்டுவோம். டேமேஜ் வந்தா அப்பப் போயி துணிக்கு எங்கீங்க போறது?” என்பார்.

அந்தப் பதினெட்டாம் தேதி காலை தளம் திறக்கவே இல்லை. முதலாளி சாரதாமணி வந்து நின்றார். “ஏனுங்க அய்யாசாமி, பையர் போன் மேல போன் போடறாருங்க. மோனிஷா பார்க்கட்டும். அவ கையில ஓடிருச்சுன்னா சர்வர் பாஸ்வேர்டு இனி அவகிட்டயே இருக்கட்டுங்க.”

புதிதாகச் சேர்ந்த மோனிஷா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அய்யாசாமி இடக்கையால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டினார்.

“இந்த ஃபைலு சர்வர்லயே இருக்குதுங்ணா. நீங்க பழசொண்ணு சேர்த்து அனுப்பறீங்க. எதை எடுக்கறதுன்னு சர்வரு முழிக்குது.”

“இருந்துட்டுப் போகட்டும் கண்ணு. ஒண்ணு போனா ஒண்ணு ஆகும்.”

“அதுக்குன்னு பனியனுக்கு மூணாவது கை வெச்சுத் தைப்பீங்களாங்ணா?”

பின்னால், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் பிரபாகர் சிரித்தார். அவரைச் சாட்சியாகக் குறித்துக்கொண்டார் அய்யாசாமி.

தேவையற்ற நாற்பத்தொன்றை மோனிஷா நீக்கி மறுபடி ஏற்றியதும் தளம் பட்டென்று திறந்தது. சாரதாமணி அய்யாசாமியைப் பார்த்து, மோனிஷா பக்கம் கைகாட்டிவிட்டு நடந்தார்.

மாலையில், பாஸ்வேர்டு அடங்கிய அரக்கிட்ட உறையையும் குற்றச்சாட்டையும் மோனிஷாவின் மேசையில் வைத்தார் அய்யாசாமி. கடைசி வரி: “ஒவ்வொரு கோப்பும் ஏன் தேவையில்லை என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதில் தேவை.” பதில் எழுத வெள்ளைத்தாளும் பேனாவும் பக்கத்தில் வைத்தார்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். இன்னொரு தாளை எடுத்து, அதன்மேல் ஓரம் பிசகாமல் அடுக்கினார். இன்னொரு பேனாவும் வைத்தார்.