பிலோமினா அக்கா கண்டுபிடித்த தவறு

பிலோமினா அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று கடலூர் ஸ்கேன் சென்டரிலிருந்து போன் வந்தபோது, சிதம்பரத்தில் ஒரு வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தேன். அடுத்த வகுப்புக்கும் போனேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இங்கே கூடியிருக்கும், அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் அன்று இப்படித்தான் இருந்திருக்கும்.

எம்ஆர்ஐ எடுப்பது அவர் வேலை. மூளைப் படத்தைப் பார்த்து, இது ஒற்றைத் தலைவலியா என்று சொல்லக் கணினியைப் பழக்குவது என் வேலை. நோயாளிகளின் படங்கள் எல்லாம் அவர் எடுத்துத் தந்தவை.

ஒருநாள் மீனவக் குப்பத்திலிருந்து ஒரு பெண் தலையை இறுக்கக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "போன தடவ படத்துல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. வூட்ல நடிக்கிறேங்குறாங்க" என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "படத்துல வரலன்னா வலி இல்லன்னு ஆயிடுமா? நீ அசையாம படும்மா."

மூன்றாம் ஆண்டில் கணினி ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது. கட்டுரையை அனுப்பும் முன் அக்காவிடம் காட்டினேன்.

"சார், தலைவலிக்காரங்க எல்லாம் எங்க மிஷின்ல எடுத்தது. வலி இல்லாதவங்கள எங்க எடுத்தீங்க?"

"சிதம்பரத்துல, எங்க காலேஜ் மிஷின்ல. எல்லாம் எங்க பசங்க."

"அப்போ அது தலைவலியவா கண்டுபுடிச்சிது? எந்த மிஷின்னு கண்டுபுடிச்சிருக்கும். ரெண்டு படமும் ஒரே மாதிரி இருக்காது சார், நானே பாத்தா சொல்லிடுவேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு சோதித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கட்டுரை வீணாயிற்று, மூன்று வருடமும் வீணாயிற்று.

அதே ஆட்களை இரண்டு இயந்திரத்திலும் படமெடுத்தால்தான் இதைச் சரிசெய்ய முடியும். அப்படி அலைய யாரும் முன்வரவில்லை. தன் விடுமுறை நாளில் பஸ் பிடித்து அக்காவே சிதம்பரத்துக்கு வந்தார். தலைவலி இல்லாதவர்களுக்கான படிவத்தில் அவர் பெயரை எழுதிவிட்டு, ஒப்புக்குக் கேள்விகளைக் கேட்டேன்.

"மாசத்துல அஞ்சாறு நாளு ஒரு பக்கமா வலிக்கும். வெளிச்சம் ஆவாது, வாந்தி வரும். இருவது வருஷமா இருக்குது."

தினமும் அந்த இயந்திரத்தின் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்றவர். "சொல்லவே இல்லையே அக்கா?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டேன்.

வேலையை மறுபடி தொடங்கினோம். கணினி இப்போது முன்போல் அடித்துச் சொல்வதில்லை. நிறையத் தடுமாறுகிறது. எனக்கும் பழைய தெம்பு இல்லை. ஆனாலும் அக்காவிடமிருந்து ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறேன். தலைவலியே கிடையாது என்று வருகிறவர்களிடமும் எதிரே உட்கார்ந்து, அவசரப்படாமல் கேட்கிறேன். முதலில் இல்லை என்றே தலையாட்டுகிறார்கள். பிறகு பலரும், "அது எப்பவும் வர்றதுதான் சார்" என்று தொடங்குகிறார்கள்.