அவள் உட்காராத பெஞ்சு

எங்கள் ஊரில் ஃபீஸ் வாங்காத பள்ளிக்கூடம் எல்லாமே கவர்மெண்ட் பள்ளிக்கூடம்தான். ஃபீஸ் வாங்கினால் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று கோவில்பட்டியில் எனக்கு யாரும் சொன்னதில்லை. அடுத்த தெருவில் ஒரு சங்கத்துக்காரர்கள் நடத்தும் பள்ளியில்தான் மகளை ஆறாவது சேர்த்தேன். சத்துணவு, புத்தகம், சீருடை எல்லாம் இலவசம். எட்டு முடித்ததும் அரசுப் பெண்கள் பள்ளிக்கு மாற்றினேன். வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பிழைப்பவள் நான். இதில் விசாரிக்க வேறு என்ன இருந்தது?

நீட்டில் அவள் வாங்கிய மார்க் பொதுப் பட்டியலுக்குப் பத்தாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் மருத்துவ சீட் நிச்சயம் என்றார்கள். தெருவே அவளை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. விண்ணப்பம் போட நெட் சென்டருக்குப் போனோம். அங்கிருந்த தம்பி பள்ளிக்கூடத்தின் பெயரைத் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

“அக்கா, இது எய்டட் ஸ்கூல்லா? இந்தக் கோட்டாவுக்கு ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட்லயே படிச்சிருக்கணும்.”

“ஃபீஸே வாங்கலயேப்பா. மத்தியானம் சோறுல்லா போட்டாவ.”

“வாத்தியாருக்குத்தான் கவர்மெண்ட் சம்பளம். பள்ளிக்கூடம் சங்கத்துக்காரவியளுக்கு.”

வீட்டுக்கு வந்து சோறு வைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் அவருக்குத் தூரத்துச் சொந்தம். இவர் போனில் கேட்டதும், ஆறு, ஏழு, எட்டு மூன்றும் அத்தை வீட்டில் தங்கி அங்கே படித்ததாக எழுதித் தரச் சம்மதித்துவிட்டார். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. யாரை ஏமாற்றுகிறேன்? இலவசச் சோறு தின்று படித்த பிள்ளைதானே இவளும்?

மறுநாள் நானும் மகளும் பஸ் ஏறினோம். காய்ந்து வெடித்துக் கிடந்த கரிசலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். பணம் காசு எதிர்பார்க்கவில்லை. “நம்ம பிள்ள ஒண்ணு மேல வரட்டுமே” என்றார். “உள்ள போயி ஒரு சுத்து சுத்திப் பாத்துக்கோம்மா. நாளைக்கு யாராவது கேட்டா சொல்லணும்லா” என்று அவரே எங்களை எட்டாம் வகுப்புக்குக் கூட்டிப் போனார். பழைய மாணவர் யார் வந்தாலும் பிள்ளைகள் முன்னால் நிறுத்திக் கைதட்ட வைப்பது அவர் வழக்கம். அன்றும் அவர் வாய் தன்னால் சொல்லிவிட்டது.

“பிள்ளைகளா, இந்த அக்கா நம்ம பள்ளிக்கூடத்துல படிச்சவிய. டாக்டருக்குப் படிக்கப் போறாவ.”

கைதட்டல் ஓய்வதற்குள் ரெட்டைச் சடை போட்ட பிள்ளை ஒன்று எழுந்தது. “அக்கா, நீங்க எந்த பெஞ்சுல இருந்தீங்க?” என் மகள் சொல்லும் பெஞ்சு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்ற ஆசை எல்லா முகத்திலும் தெரிந்தது. முன்னால் இருந்தவள் சற்று நகர்ந்து இடம்கூட விட்டாள்.

மகள் என்னைப் பார்த்தாள். ஏதாவது ஒன்றைக் காட்டித் தொலை என்று கண்ணாலேயே சொன்னேன்.

“நான் இங்கன படிக்கலம்மா” என்றாள் அந்தப் பிள்ளையிடம்.

தலைமையாசிரியர் திட்டவில்லை. வெளியே வந்ததும், “கூட்டிட்டுப் போங்கம்மா” என்று மட்டும் சொன்னார். பஸ் நிறுத்தத்தில் நான்தான் கத்தினேன்.

“ஏட்டி, கைய நீட்டி ஒரு பெஞ்சக் காட்டிருந்தா கொறஞ்சா போயிருப்ப?”

“அந்தப் பிள்ளையும் இதே கோட்டாவுலதானம்மா நாளைக்குச் சீட்டு கேக்கும்.”

அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அடிக்காமல் விட்டதற்குக் காரணம் களைப்பு மட்டும்தான்.

விண்ணப்பத்தில் உள்ளதை உள்ளபடி போட்டாள். சீட் கிடைக்கவில்லை. திருநெல்வேலியில் நர்சிங் படிக்கிறாள். ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் எல்லாரும் டாக்டரம்மா என்ன ஆனாள் என்று கேட்கிறார்கள். மார்க் பத்தலை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. போன வாரம் கழுகுமலையிலிருந்து வந்த ஒரு அம்மா விடாமல் கேட்டாள். தோள் அளவு எடுத்துக்கொண்டே, போகிற போக்கில் நடந்தது முழுவதையும் சொல்லிவிட்டேன்.

“கிறுக்குப் பிள்ளையால்லா இருப்பா போலுக்கு. ஒரு பெஞ்சக் காட்டுததுக்கு என்ன?” என்றாள்.

நானே அவளை எத்தனையோ தடவை அப்படித் திட்டியிருக்கிறேன். இன்னொருத்தி சொன்னதும் பொறுக்கவில்லை.

“எம்மவ கிறுக்கெல்லாம் இல்ல” என்றேன். “கையத் தூக்குங்க.”