ஸ்டாப்பரை இழுத்தும் நிற்காத அம்பாசடர்

எனக்கு வயது எழுபத்தொன்பது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் இறந்துபோன என் தங்கையின் பிள்ளைகள். ஐந்து பேரும் வளர்ந்தது எஞ்சின் ஆயில் விற்ற வருமானத்தில். கேரள எல்லையில் உள்ள பாறசாலையில் மெயின் ரோட்டோரம் எனக்குக் கடை இருந்தது. லாரிக்காரர், டாக்சிக்காரர் எல்லாரும் என்னை ஆயிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் எனக்கு இன்றைக்கும் கூச்சம் ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் நான் அதிக நாள் இருந்ததில்லை. தமிழ் எழுத்துக்கூட்டி எழுதுவேன், மலையாளத்தில் பஸ் போர்டு வாசிப்பேன். இங்கிலீஷில் எனக்கு வேண்டியிருந்த எழுத்து இரண்டு. எஸ், சி. ஆயில் டின்னின் பின்பக்கம் சின்னதாக அச்சடித்திருக்கும். எஸ்ஸில் தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு, சியில் தொடங்கினால் டீசல் எஞ்சினுக்கு. டீசல் எஞ்சினில் கரி கூடுதல். அந்தக் கரியை அடியில் படியவிடாமல் தாங்கிக்கொள்ளும் மருந்து சி ஆயிலில் உண்டு. ஒர்க்‌ஷாப்பிலும் கடையிலும் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருந்தது. பெட்ரோல் அம்பாசடரை வாங்குவார்கள். எஞ்சினை இறக்கிவிடுவார்கள். பழைய இரும்பு விற்கும் ஆக்கர் கடையிலிருந்து ஏதாவது வேனின் டீசல் எஞ்சினைத் தூக்கி உள்ளே வைப்பார்கள். வெளியே பார்த்தால் அம்பாசடர், உள்ளே வேன். இப்படி மாற்றிய வண்டிக்கு ஆயில் கேட்டு வருகிறவர்கள் காரின் பெயரைத்தான் சொல்வார்கள். பெயரைக் கேட்டு நான் ஒரு நாளும் டின்னை எடுத்ததில்லை. பானெட்டைத் தூக்கச் சொல்வேன்.

தாசு வந்த நாள்

மழைக்காலம். பத்து மணி இருக்கும். வெள்ளறடைப் பக்கம் ஷேர் டாக்சி ஓட்டுகிற தாசு வந்தான். முப்பது வயதுக்காரன். சாதாரணமாகத் தூரத்திலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வருவான். அன்றைக்கு வண்டியைக் கடைக்கு எதிர்ப்பக்கம் விட்டுவிட்டு நடந்து வந்தான்.

"அக்கா, ஒரு காரியம் சொன்னா சிரிக்கப்பிடாது."

"சிரிக்கிய காரியம்னா சிரிப்பேன். சொல்லு."

"வண்டி நிக்கல்ல."

"பிரேக் போச்சா?"

"பிரேக் எல்லாம் பிடிக்கும். எஞ்சின் நிக்கல்ல. இங்க நிக்கும், ஒரு எடத்துல மட்டும் ஸ்டாப்பரை இழுத்தாலும் கேக்காது. சாவி எனக்க கையில இருக்கும். அது பாட்டுக்கு ஓடிட்டு கெடக்கும்."

பெட்ரோல் வண்டி சாவியைத் திருப்பினால் நின்றுவிடும். அந்தக் காலத்து டீசல் எஞ்சின் அப்படி இல்லை. டீசல் வரவை அடைக்க ஒரு கம்பி உண்டு, அதை இழுத்தால்தான் நிற்கும். அதைத்தான் ஸ்டாப்பர் என்போம். டீசலை அடைத்த பிறகும் ஓடுகிறது என்றால் அது வேறு எதையோ தின்று ஓடுகிறது என்று அர்த்தம்.

"எங்க வச்சு இப்பிடி ஆவுது?"

தாசு ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "செல்லையன் மேஸ்திரிக்க வீட்டு வாசல்ல மட்டும்."

செல்லையன் மேஸ்திரியை எனக்கும் தெரியும். தாசு ஓட்டும் அந்த அம்பாசடரில் டீசல் எஞ்சினை வைத்தவரே அவர்தான். சொந்தக் கையால் மாற்றி, சொந்தமாக ஓட்டினார். இழுப்பு நோய் உள்ளவர். ஒரு நாள் மூச்சு முட்டி, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் அந்த வண்டியின் பின்சீட்டிலேயே முடிந்துபோனார். அவர் மனைவி தங்கம்மை வண்டியை விற்றார். வாங்கினவன் தாசு.

"ஊருல பேரு விழுந்தாச்சு அக்கா. மேஸ்திரி இறங்க மாட்டேங்குதாருன்னு சொல்லுதாவ. ஒரு ஆளு ஏறல்ல. ஆக்கர் கடைக்குத் தூக்கிக் குடுன்னு எனக்க கெட்டியவ ஒரே கரைச்சல்."

"குடுத்துட்டு என்ன செய்வே?"

"அதாக்கும் தெரியாதது. வண்டி வளையம் பிடிக்கத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது."

எழுந்து போய் வண்டியைப் பார்த்தேன். அவன் கடைசியாக ஆயில் மாற்றியது காட்டாக்கடைக்கு ஓட்டம் போன இடத்தில். அம்பாசடர் என்று சொல்லியிருக்கிறான், அவர்களும் கொடுத்திருக்கிறார்கள். காலி டின் டிக்கியில் கிடந்தது. திருப்பிப் பார்த்தேன். எஸ்.

சரியான ஆயிலைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் ஆயில் மாறிப்போனதால் மட்டும் ஒரே ஒரு வாசலில் எஞ்சின் நிற்காமல் போகாது. கண்ணால் பார்க்காமல் டின்னை விற்க எனக்கு மனது வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டு முன்சீட்டில் ஏறினேன்.

"பயம் இல்லியா அக்கா?"

"அஞ்சு பிள்ள வளத்தவளுக்கு இனி என்னலே பயம். எடு வண்டிய."

ஏற்றம்

தாசுவின் ஓட்டம் முடிகிற இடத்தில், ஒரு நீண்ட ஏற்றத்தின் உச்சியில் அந்த வீடு இருந்தது. ஏற்றம் முழுக்க இரண்டு பக்கமும் ரப்பர். நட்டுச்சி வெயில் நேரத்திலும் உள்ளே சாயங்காலம் போல இருக்கும். மழை விட்டிருந்தது, மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடும் மணம் எங்கிருந்தோ வந்தது. பாதி ஏற்றத்தில் தாசு பேச்சை நிறுத்திவிட்டான். எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனத்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். எங்களுக்குப் பின்னே ரோடு தெரியவில்லை. நீலப் புகை மரத்தின் கீழே தங்கி நின்றது.

உச்சியில் வண்டி திருப்ப ஒரே ஒரு சமநிலம், அது தங்கம்மை வீட்டு வாசல். தாசு திருப்பி நிறுத்தினான். ஸ்டாப்பரை இழுத்தான். சாவியை எடுத்து என் மடியில் போட்டான்.

எஞ்சின் ஓடியது.

முதலில் மெதுவாகத்தான் ஓடியது, ஒருவன் யோசித்துக்கொண்டு நடப்பது போல. பிறகு யாரும் ஆக்சிலேட்டரை மிதிக்காமலே சத்தம் ஏறியது. தாசுவின் இரண்டு காலும் சீட்டின் மேல் இருந்ததை நான் பார்த்தேன். வண்டி நடுங்கியது. பின்சீட்டில் ஸ்பிரிங் கிறீச்சிட்டது, ஆள் நகர்ந்து உட்காருகிற மாதிரி. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். ஒன்றும் இல்லை.

வீட்டுக்கதவு திறந்தது. தங்கம்மை வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவசரம் இல்லாமல், தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வந்தார், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவரை வரவேற்கிற மாதிரி. பம்பருக்கு முன்னால் நின்று இரண்டு உள்ளங்கையையும் பானெட்டின் மேல் வைத்தார்.

"வந்தியளா" என்றார். "இன்னைக்கு நேரம் ஆச்சே."

இப்படி ஓடும் எஞ்சினை நிறுத்த இரண்டு வழி உண்டு. டாப் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டால் மூச்சடைத்து நிற்கும். தாசு இத்தனை நாளும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறான். ஆனால் அப்போது வண்டி ஒரு துள்ளு துள்ளும். முன்னால் தங்கம்மை நிற்கிறார். இரண்டாவது வழி, காற்று போகும் வாயை அடைப்பது. அதற்குப் பானெட்டைத் திறக்க வேண்டும். பானெட்டின் மேல் அவர் கை. விட்டுவைத்தால் சத்தம் ஏறிக்கொண்டே போய், உள்ளே பிஸ்டனைத் தள்ளும் ராடு எஞ்சின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்கு நேர் எதிரே அவர் வயிறு.

நான் இறங்கி ஓடி, "அக்கா, மாறுங்கோ" என்றேன். அவர் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். கல்லை இழுத்த மாதிரி இருந்தது. தாசு உள்ளேயிருந்து கர்த்தாவே, கர்த்தாவே என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவர் காதருகில் வாயை வைத்துச் சொன்னேன்.

"அக்கா, அவருக்கு மூச்சு முட்டுது. கேளுங்கோ. கொஞ்சம் தொறந்து விடணும்."

உடனே கையை எடுத்தார். அவரே எனக்குப் பானெட்டைத் தூக்கித் தந்தார்.

ஏர் கிளீனர் குழாயைப் பிடுங்கினேன். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை உருட்டி அந்த வாயில் திணித்து, உள்ளங்கையால் அழுத்தினேன். என் கையை உள்ளே இழுத்தது. அப்படி ஒரு இழுப்பு. இரண்டு முறை விக்கியது. ஒரு முறை குலுங்கியது. நின்றது.

ரப்பர் மரம் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தங்கம்மை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூச்சு முட்டுதுன்னு சொன்னே" என்றார். "சொல்லிட்டு நீ வாயைப் பொத்தினியே, மக்கா."

நான் வேலையைப் பார்த்தேன்.

கீறல்

துவர்த்தை எடுத்துப் பார்த்தால் ஆயிலில் ஊறியிருந்தது. அப்போதே பாதி விளங்கிவிட்டது. எஞ்சின் தன்னுடைய ஆயிலையே குடித்து ஓடியிருக்கிறது.

ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை உருவினேன். மேல் கோட்டுக்குச் சரியாக ஆயில் நின்றது. "பாத்தியளா, அளவு கறெக்ட்" என்றான் தாசு. நான் அந்தக் கம்பியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அது டீசல் எஞ்சினின் கம்பி இல்லை. பழைய பெட்ரோல் எஞ்சினுடையது. ஆக்கர் கடையில் வாங்கிய எஞ்சினுக்குக் கம்பி இல்லாமல் இருந்திருக்கும், மேஸ்திரி கையில் இருந்ததைப் போட்டிருக்கிறார். அப்படியானால் அதில் உள்ள கோடு இந்த எஞ்சினுக்குச் சேராது.

"அவரு எது வரைக்கும் ஊத்துவாரு?" என்று எனக்குள் கேட்டதாகத்தான் நினைத்தேன்.

"கீறல் வரைக்கும்" என்றார் தங்கம்மை. சாதாரணக் குரலில், சமையல் பதம் சொல்கிற மாதிரி. "அரத்தால ஒரு கீறல் போட்டிருந்தாரு. கோட்டைப் பாக்காதே, கீறலைப் பாருன்னு எனக்கிட்டயே சொல்லியிருக்காரு."

தாசு அந்தக் கம்பியை எட்டிப் பார்த்தான். "வாங்கின அன்னைக்கு ஒரு கீறல் கெடந்தது. துருன்னு நெனச்சு எமரி பேப்பர் போட்டுத் தேச்சேன்."

நகத்தை ஓட்டிப் பார்த்தேன். அச்சுக் கோட்டுக்கு வெகு கீழே நகம் ஒரு இடத்தில் தட்டியது. தேய்த்தும் முழுக்கப் போகவில்லை.

அப்புறம் எல்லாம் வரிசையாக வந்தது. ஆயில் கூடுதல். அதுவும் எஸ் ஆயில், சூடேறிய டீசல் எஞ்சினில் தண்ணீர் மாதிரி இளகிவிட்டிருந்தது. எஞ்சினின் ஆவி போகும் பிரீதர் குழாய் பின்பக்கம், அதைக் காற்று போகும் வாயோடு சேர்த்திருந்தார்கள். நீண்ட ஏற்றத்தில் ஆயில் எல்லாம் பின்னுக்குச் சாய்ந்து அந்தக் குழாயில் ஏறும். உச்சிக்கு வரும்போது குழாய் நிறைந்திருக்கும். டீசலை அடைத்தாலும் குழாயில் உள்ளதைத் தின்று எஞ்சின் ஓடும். அந்த ஏற்றம் முடிகிற இடம் அந்த வாசல். அவ்வளவுதான்.

கூடுதல் ஆயிலை அங்கேயே வடித்துவிட்டு இறங்கினோம். கடையில் எல்லாவற்றையும் மாற்றிச் சி ஆயில், கெட்டியான நாற்பது நம்பர், கீறல் வரைக்கும் ஊற்றினேன். கீறலை நானே அரத்தால் ஆழமாகப் போட்டேன். பிரீதர் குழாயைப் பிரித்து வண்டிக்கு அடியில் விடவைத்தேன். அடுத்த வாரம் தாசு ஏற்றம் ஏறி அந்த வாசலில் ஸ்டாப்பரை இழுத்தான். சொன்னபடி நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். பல வருடம் அந்த வண்டியை ஓட்டினான்.

கடைக்கு வந்தது

தாசு ஏற்றம் ஏறி நிறுத்திய மறுநாள் மத்தியானம் தங்கம்மை என் கடைக்கு வந்தார். பஸ்ஸில் வந்திருக்கிறார். குடையை மடக்காமல் நின்றார்.

"தாசு நேத்து வந்தான்" என்றார். "வண்டி நின்னுட்டுது."

"நல்லதுதானே அக்கா."

"கதவைத் தொறந்து வந்தேன். ஒரு சத்தமும் இல்ல." கடைக்குள்ளே டின்களைப் பார்த்தார். "இதுல எதாக்கும் முன்ன ஊத்தியிருந்தது?"

காட்டினேன்.

"ஒரு டின் தா. தாசு கிட்ட சொல்லி ஒரு தடவ மட்டும் கோடு வரைக்கும் ஊத்தச் சொல்லுதேன். ஒரு தடவ."

"அது எஞ்சினைக் கொன்னுரும் அக்கா. பக்கத்துல நிக்கிய ஆளையும் கொன்னுரும்."

"எனக்குத் தெரியும்" என்றார்.

நான் அந்த டின்னை எடுத்து மேல்தட்டில், அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். ஏற்றத்தைப் பற்றி, குழாயைப் பற்றி, ஆயில் பின்னுக்குச் சாய்வதைப் பற்றி எல்லாம் சொன்னேன். கடைசி வரை கேட்டார்.

"எல்லாம் சரியாட்டுதான் இருக்கும்" என்றார். "நீ தொழில் தெரிஞ்சவ. ஆனா நான் கையை வச்சா சத்தம் கொறையும். அது எண்ணெய்க்கு எப்பிடித் தெரியும்?"

அன்றைக்கு நான் பக்கத்தில் நின்றவள். அவர் கை வைத்தபோது சத்தம் குறைந்ததா என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். குறையவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டின்னைக் கொடுக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

தொழில் பழகுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வண்டியின் பெயரைக் கேட்டு ஆயில் ஊற்றாதே, உள்ளே இருக்கும் எஞ்சினைப் பார். டின்னின் பின்பக்கம் பார். மாற்றிய வண்டியில் அச்சடித்த கோட்டை நம்பாதே, மாற்றினவன் போட்ட கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார். எஞ்சின் நிற்காமல் ஓடினால் முதலில் முன்னால் நிற்கும் ஆளை மாற்று. எதைச் சொன்னால் மாறுவாரோ அதைச் சொல்.

இவ்வளவு எழுத எனக்கு நாலைந்து நாள் ஆனது. எழுத்துப் பிழை இருக்கும். பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன். மக்கா, இங்ஙன இருந்து இதை ஒரு தடவ சத்தமா வாசி. தங்கம்மை பேசுத இடம் வந்தா மட்டும் கொஞ்சம் மெதுவா வாசி, எனக்கு அவ சொன்னது சரியாட்டு வந்திருக்கான்னு கேக்கணும்.