படுக்க மாட்டேன் என்றாள் என் மகள்

குவைத்தில் டிரைவராக இருந்த நான், ஒன்பது வயது மகளுக்கு நிமோனியா முற்றிவிட்டது என்று கேள்விப்பட்டு, ஆந்திர எல்லையோரம் பாலசமுத்திரத்தில் இருக்கும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்தபோது, பிசியோதெரபி பெண் ஒருத்தி நர்ஸோடு சேர்ந்து என் மகளைக் கட்டிலோரம் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். வாயில் குழாய், மூச்சுக்கு மிஷின். தலை துவண்டு ஆடியது.

“இன்னாம்மா பண்ற? மூச்சே வுட முடியாத கொழந்தய இப்படி இம்சை பண்றியே!” என்று கத்தி, அந்தப் பெண்ணின் கையைத் தட்டிவிட்டேன். நர்ஸ் தாங்கியிருக்காவிட்டால் மகள் சரிந்திருப்பாள்.

“டாக்டர் சொல்லித்தான் செய்றோம் சார். படுத்தே இருந்தா கை கால் பலம் போயிடும்,” என்றாள் அந்தப் பெண்.

“வேணாம். படுக்க வையி.”

அவர்கள் படுக்க வைக்கப் போனபோது, மகள் மெதுவாகக் கையை நீட்டி அந்தப் பெண்ணின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, மாட்டேன் என்று தலையசைத்தாள். நான் கூனிக்குறுகிப் போனேன். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. “முதுகப் பிடிங்க சார்,” என்று என்னையும் கூப்பிட்டுக்கொண்டாள்.

குழாயை எடுத்த பிறகு மகள் கேட்டாள்: “நைனா, அந்த அக்காவ ஏன் தள்ளின?”

“பயந்துட்டேன்மா.”

“உக்காருறியான்னு என்னக் கேட்டிருந்தா தலையாட்டியிருப்பேனே.”

இப்போது அவள் நடந்து பள்ளிக்கூடம் போகிறாள். தூர தேசத்தில் இருந்துகொண்டு அவளுக்காக எத்தனையோ முடிவு செய்தவன் நான். ஒருமுறைகூட அவளைக் கேட்டதில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.