எட்டு அறையும் ஒரு முகப்புப் பக்கமும்

இணையதளம் செய்து கொடுக்கும் தொழிலுக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருப்பது இரண்டாம்பட்சம். "இது வேண்டாமே சார்" என்பதைக் கோபம் வராத மாதிரி எத்தனை விதமாகச் சொல்ல முடியும் என்பதுதான் முதல் தகுதி. நகைக்கடை, பல் டாக்டர், கேக் கடை என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

எங்கள் ஆபீஸ் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கிறது. நானும் கோபியும்தான் மொத்த ஆபீஸ். நான் வடிவமைப்பேன், வாடிக்கையாளரிடம் பேசுவேன், திட்டு வாங்குவேன். கோபி அதை ஓட வைப்பான். இதே பிழைப்பில் இருக்கும் சக பாவிகள் இதைப் படித்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எல்லாமே ஒரே வாடிக்கையாளரைப் பற்றியதுதான். எனக்கு அவர் ஒருவரே போதும்.

வெள்ளை

தண்டபாணி சார் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் எட்டு அறை கொண்ட ஒரு விடுதி நடத்துகிறார். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி என்று பஸ் ஏறி நோயாளியோடு வருகிறவர்கள் தங்குவதற்கான இடம். கட்டடம் அவருடையதில்லை. அவர் மனைவி சரோஜாம்மாவின் அண்ணனுடையது. அந்த அண்ணன் பிரான்ஸில் இருக்கிறார். ஆறு மாதம் பார்ப்பேன், அறைகள் நிரம்பாவிட்டால் வீட்டை டைல்ஸ் வியாபாரி ஒருவருக்குக் குடோனாக விட்டுவிடுவேன் என்று கெடு வைத்திருந்தார். நான் போய்ப் பார்த்த அன்று ஐந்து அறை காலி. யாரும் வராத அறையிலும் சரோஜாம்மா தலையணை உறை மாற்றி, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். குடோன் என்ற பேச்சு வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாளில் முகப்புப் பக்கம் செய்து கொண்டுபோனேன். மேலே விடுதியின் பெயர், நடுவில் போன் நம்பர், கீழே ஆஸ்பத்திரியிலிருந்து எத்தனை நிமிட நடை என்று ஒரு வரி. சுற்றிலும் வெள்ளை. ஆஸ்பத்திரி வாசலில் கையில் ஸ்கேன் கவரோடு நிற்கிறவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? எனக்கு என் வேலை மேல் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. தண்டபாணி சார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். அறை வாடகைக்கு விடுகிற மனுஷன் அல்லவா, அவர் கண்ணுக்கு நம்பர் தெரியவில்லை, வெள்ளைதான் தெரிந்தது.

"ரூமுதான் அஞ்சு காலியா கெடக்குது, பக்கமுமாம்மா காலியா கெடக்கணும்?"

சாமி விஷயம்

மறுநாளிலிருந்து வாட்ஸ்அப்பில் படங்கள் வர ஆரம்பித்தன. முதலில் பிள்ளையார். அது நியாயம்தான், எதற்கும் முதலில் அவர்தானே என்று மேலே வைத்தேன். அடுத்து குலதெய்வம். அப்புறம், நோயாளிகள் எல்லா மதத்திலும் இருப்பார்கள் என்று மாதா படமும் பிறைநிலாவும். அதுவும் நல்ல மனசுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் போன் திரை என்பது உள்ளங்கை அகலம். நான்கு பேரும் வரிசையாக எழுந்தருளியதும் விடுதியின் பெயர் இரண்டாவது திரைக்கும், நம்பர் நான்காவது திரைக்கும் போய்விட்டன. மங்கலமாக இருக்கட்டும் என்று நாதஸ்வரம் வேறு. திரையைத் தொட்டால் வாசிக்க ஆரம்பித்துவிடும்.

படங்களைக் கொஞ்சம் சின்னதாக்கு, முடிந்தால் எல்லோரையும் ஒரே வரிசையில் வை என்று கோபியிடம் சொன்னேன். என்னோடு எட்டு வருடமாக இருக்கிறான், இதுவரை எந்த வேலையையும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அன்றைக்கு மௌஸை விட்டுக் கையை எடுத்துவிட்டான்.

"அக்கா, சாமிய சின்னதாக்கற வேல மட்டும் நீங்களே பண்ணிடுங்க. எனக்கு வூட்ல இப்பதான் பொண்ணு பாத்துகிட்டு இருக்காங்க."

பிரான்ஸ் மச்சான்

மூன்றாவது வாரம் மச்சான் வீடியோ காலில் வந்தார். நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அவருக்குக் காலைக் காபி. தலையில் கம்பளிக் குல்லா. நான் அனுப்பிய பக்கத்தில் "புதுச்சேரியே தெரியவில்லை" என்றார். மஞ்சள் சுவரில் காகிதப்பூ கொடி படர்ந்திருக்கும் தெரு, கடற்கரைச் சாலை, சைக்கிளில் போகிற வெள்ளைக்காரப் பெண்மணி, இவை மாறி மாறி வர வேண்டுமாம். நான் மெதுவாக எடுத்துச் சொன்னேன்: விடுதி இளம்பச்சை, வாசலில் இரும்புக் கிரில், எதிரே மருந்துக் கடை, தங்க வருகிறவர்கள் டயாலிசிஸ் வார்டுக்கு வருகிறவர்கள், சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் இல்லை. அவர் கேட்டுக்கொண்டார். தலையைக்கூட ஆட்டினார். பிறகு இன்னும் இரண்டு சேர்த்துச் சொன்னார். பக்கம் திறக்கும்போது மேலேயிருந்து பூ கொட்ட வேண்டும். கூடவே "பியான்வெனு", அதாவது நல்வரவு, என்று பிரெஞ்சில் ஒரு வரவேற்புப் பெட்டி திறக்க வேண்டும்.

செஞ்சியிலிருந்து வருகிறவருக்குப் பிரெஞ்சு எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. தண்டபாணி சார் போனுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று எனக்குக் கை காட்டினார். கட்டடம் மச்சானுடையது, கெடுவும் மச்சானுடையது. பூவும் கொட்டியது, பெட்டியும் திறந்தது.

"ஒரு பியான்வெனு இல்லாம அது என்னம்மா பாண்டிச்சேரி?"

அஞ்சலையம்மா

தளம் வெளிவந்து மூன்று வாரம் ஆகியும் ஒரு போன்கூட வரவில்லை. படம் சரியில்லையோ என்று தண்டபாணி சாருக்குச் சந்தேகம். அறைகளைத் திரும்பப் படம் எடுக்க ஒரு காலை நேரத்தில் போனேன். வாசலில் ஒரு பெண்மணி ஒயர் கூடையும் சுருட்டிய பாயுமாக நின்றுகொண்டிருந்தார். பெயர் அஞ்சலை, ஊர் செஞ்சிப் பக்கம். வீட்டுக்காரருக்குச் சிறுநீரகக் கோளாறு, உள்ளே சேர்த்திருக்கிறார்கள். ஆண்கள் வார்டு என்பதால் இவரை உள்ளே தங்க விடவில்லை. இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருக்கிறார். காவல்காரர் இரண்டு முறை எழுப்பி இடம் மாற்றியிருக்கிறார். டீக்கடைக்காரர் சொல்லித்தான் இந்த விடுதி தெரிந்ததாம்.

சரோஜாம்மா சாவியை எடுத்துக்கொண்டே, நெட்டில் எங்கள் விடுதி இருக்கிறதே, யாரும் பார்த்துச் சொல்லவில்லையா என்று ஆற்றாமையோடு கேட்டார். பார்த்தேனே என்றார் அஞ்சலையம்மா. வந்த அன்றைக்கே மகள் லிங்க் அனுப்பியிருக்கிறாள். காட்டுங்கள் என்று அவர் போனை வாங்கினேன். மூலையில் விரிசல் விட்ட சின்னத் திரை. முதலில் பிள்ளையார், கொஞ்சம் கொஞ்சமாக வந்தார். பிறகு பூ கொட்டியது. பிறகு பிரெஞ்சுப் பெட்டி. அதை மூடுகிற பெருக்கல் குறி திரைக்கு வெளியே எங்கேயோ இருந்தது. குறியைத் தேடித் தொட்டதும் நாதஸ்வரம். நம்பரைக் காணோம். அந்தப் பக்கத்தைச் செய்தவளே நான்தான், என் கண்ணுக்கே தென்படவில்லை. அந்த இரண்டு ராத்திரியும் இங்கே ஐந்து அறையில் தலையணை உறை மாற்றி, தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். வெட்கமாக இருந்தது. வாடிக்கையாளர் கேட்டார், செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை.

"பூ கொட்டுது, மேளம் கொட்டுது, யாரோ கல்யாண மண்டபம்னு நெனச்சி மூடிட்டேம்மா."

யார் முதலில்

இதற்குப் பிறகாவது தண்டபாணி சார் இறங்கி வருவார் என்று நினைத்தேன். வந்தார், பாதி. பூவை எடுக்கச் சம்மதித்தார், மேளத்தை நிறுத்தச் சம்மதித்தார். சரி, நம்பரை மேலே ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதற்குள் மச்சானிடமிருந்து ஒரு படம், கோட்டு சூட்டோடு. மேலே "நிறுவனர்" என்று போட வேண்டுமாம். மச்சான் படம் வந்தால், அறைகளுக்குக் கட்டில் வாங்கிக் கொடுத்த தண்டபாணி சாரின் அண்ணன் படம் வர வேண்டாமா? அண்ணன் வந்தால் அண்ணியை விட முடியுமா? தெருமுனையில் கட்டுகிற கட்-அவுட்டில் ஒருத்தர் முகம் விட்டுப்போனாலே என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வாரத்தில் பதினாலு முகங்கள் என் மேஜைக்கு வந்து சேர்ந்தன. எல்லாம் வட்டமாக வெட்டி, கீழே பெயர், உறவு, பட்டப்படிப்பு.

அப்புறம் வரிசைச் சண்டை. அண்ணனுக்கு மேலே மச்சானா என்று அண்ணன் வீட்டில் கேட்டார்கள். பணம் போட்டவன் நான் என்றார் மச்சான். படமே வராத ஒரு சித்தப்பா, பேத்தியின் காதுகுத்துக்கு இவர்களை அழைக்கவில்லை. தண்டபாணி சார் தினமும் இரண்டு தடவை எங்கள் மாடிப்படி ஏறினார். கோபி பதினாலு வட்டத்தையும் ஆறு விதமாக மாற்றி அடுக்கிவிட்டு, ஏழாவது தடவை கேட்டதும் டீ குடிக்கப் போய்விட்டான். கெடுவுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது. நான் பதினோரு வருடத்தில் கற்ற அத்தனை விதத்திலும் "வேண்டாமே சார்" சொல்லி முடித்திருந்தேன். இந்தத் தொழிலே வேண்டாம் என்றுகூடத் தோன்றியது.

அன்று தண்டபாணி சாரோடு சரோஜாம்மாவும் வந்தார். எங்கள் ஆபீசுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலியில் உட்காரவில்லை. அஞ்சலையம்மா அன்றைக்கு வாசலில் நின்று என்ன என்ன கேட்டார் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார்: ரூம் இருக்கிறதா, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம், வாடகை எவ்வளவு, நோயாளிக்குக் கஞ்சி வைக்க அடுப்பு உண்டா. அவ்வளவுதான். இந்த நாலுக்கும் பதில், அதன் மேலே நம்பர். பிறகு திரையில் இருந்த பதினாலு முகங்களையும், தன் முகம் உட்பட, ஒரு தடவை பார்த்தார். தண்டபாணி சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாருடைய முகமும் இல்லையென்றால் யாருக்கும் கோபிக்க வழியில்லை என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். எடுத்த வாயோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சரோஜாம்மா என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொம்பள நம்ம மூஞ்சியா கேட்டுச்சு, படுக்க எடம்தான கேட்டுச்சு? ஒருத்தர் படமும் வாணாம், எடுத்துடும்மா. எங்க அண்ணன் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு."

நிரம்பியது

பெயர், நம்பர், நாலு வரி, சுற்றிலும் வெள்ளை. முதல் நாள் நான் கொண்டுபோனதற்கும் இதற்கும் வித்தியாசம் மூன்று வரிதான். அதற்கு நான்கு மாதம் ஆனது. பிள்ளையாரைக் கட்டை விரல் நகத்தளவு ஓரத்தில் வைத்தேன், அந்தப் பாவம் என்னோடு போகட்டும்.

அஞ்சலையம்மா அதைத் தன் போனிலிருந்து பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவிக்கு அனுப்பினார். சிக்னல் ஒழுங்காக வராத அந்த வார்டிலும் பக்கம் திறந்தது. அந்த அம்மா தன் நாத்தனாருக்கு அனுப்பினார். கெடு முடிய எட்டு நாள் இருக்கும்போது கடைசி அறைக்கும் ஆள் வந்துவிட்டது. மச்சான் வீடியோவில் வந்து பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். தள்ள ஒன்றும் இல்லை. பியான்வெனு எங்கே என்று கேட்டார். சரோஜாம்மா போனைத் திருப்பி, கொடியில் காய்கிற எட்டு அறைப் போர்வைகளைக் காட்டினார். குடோன் பேச்சு அத்தோடு நின்றது. அதை என்னிடம் சொல்லிவிட்டு சரோஜாம்மா காய்ந்த போர்வைகளை மடிக்கப் போனார்.

போன வாரம் தண்டபாணி சார் ஒரு கிலோ ஸ்வீட் பெட்டியோடு மாடி ஏறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கோபிக்கு ஒன்று, எனக்கு ஒன்று கொடுத்தார். சிம்பிளாக இருப்பதுதான் அழகு, இதை நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார். கோபி என்னைப் பார்த்தான். நான் ஜாங்கிரியைப் பார்த்தேன். சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"ரூம் காலி இல்லன்னு ஒரு வரி போடணும்மா. அத மட்டும் கொஞ்சம் பெருசா, ஓடற எழுத்துல, சுத்தி லைட்டு எரியற மாதிரி போட்டுடலாமா?"

ஒரு பக்கத்தை அடைத்துத் தள்ள எனக்கு ஒரு நாள் போதும், அதைக் காலி செய்யத்தான் ஒரு குடும்பமே சண்டை போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.