மூன்றாவது வரியில் ஒரு வளையல் சத்தம்

மும்பையின் சிவ்ரி ஸ்டேஷன் மேம்பாலத்தில் எத்தனை படி என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் போன மாதம் எண்ணினேன். பாதியில் விட்டுவிட்டேன். முழங்கால் வலி ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். என்னோடு வந்த இருவரும் என்னைவிட மூத்தவர்கள். அவர்கள் எனக்காக மேலே நின்று காத்திருந்தார்கள் என்பது கூடுதல் அவமானம்.

அவர்கள் என் செம்பூர் கட்டடத்தில் இரண்டாவது மாடிக்காரர்கள். தனராஜ் அண்ணாச்சிக்கு எழுபத்தெட்டு வயது. இந்திப் படப் பாட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து முப்பது வருடம் மாண்டலின் வாசித்தவர். கூட வந்தவர் அவர் மனைவி புஷ்பம் அக்கா. இருவரும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களிலிருந்து தாராவிக்கு வந்து, பிறகு செம்பூருக்கு மாறியவர்கள்.

எங்கே போனோம்? சிவ்ரியில் ஒரு பழைய கிடங்கை மியூசியமாக மாற்றியிருக்கிறார்கள். பாடகர்களுக்கோ இசையமைப்பாளர்களுக்கோ இல்லை... ஸ்டூடியோவில் வரிசையாக உட்கார்ந்து வாசித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, ரயில் பிடித்து வீட்டுக்குப் போனார்களே, அவர்களுக்காக. நல்ல எண்ணம்தான். கொஞ்சம் தாமதம். பாதிப் பேருக்கு மாலை போட்ட படம் மட்டும்தான் இருக்கிறது.

அண்ணாச்சி உயிரோடு இருப்பவர்கள் பட்டியலில் இருந்தார். அதனால் அழைப்பிதழ் வந்தது.

உங்களில் பழைய வாசகர்களுக்கு அண்ணாச்சியைத் தெரியும். நாலு வருடம் முன்பு இந்தப் பக்கத்தில் அவரைப் பற்றி எழுதியிருந்தேன். ஒரு பிரபலமான காதல் பாட்டு. அதன் நடுவில் ஒரு மாண்டலின் வரும். கல்யாண மண்டபம், ஆட்டோ, செல்போன் ரிங்டோன் என்று இன்றும் எங்கேயாவது கேட்கிற துண்டு அது. 'அந்த மாண்டலினை வாசித்த விரல்கள் என் மாடிக்கு மேல் மாடியில் இருக்கின்றன' என்று பெருமையாக எழுதினேன். அந்தக் கட்டுரையில் புஷ்பம் அக்காவுக்கும் ஒரு வரி உண்டு. 'பேசிக்கொண்டிருக்கும்போதே அருமையான காபி வந்தது.'

அவ்வளவுதான். காபி வந்தது. யார் கொண்டுவந்தார்கள் என்றுகூட இல்லை.

மியூசியத்தில் ரீமா என்று ஒரு பெண் எங்களைச் சுற்றிக் காட்டினாள். முப்பது வயது இருக்கும். நின்றுகொண்டே வேலை செய்து களைத்த முகம். ஆனாலும் எல்லோரிடமும் மரியாதையாகப் பேசினாள். ஒரு சுவர் முழுக்க ஹெட்போன்கள் தொங்கின. ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை — வாத்தியம், வாசித்தவர் பெயர். பாட்டு முழுதாக வராது. கம்ப்யூட்டரை வைத்து மற்ற சத்தங்களையெல்லாம் குறைத்து, அந்த ஒரு வாத்தியத்தை மட்டும் மேலே கொண்டுவந்திருக்கிறார்கள்.

மாண்டலினின் கீழே 'தனராஜ்' என்று ஆங்கிலத்திலும் மராத்தியிலும் எழுதியிருந்தது. நான் உடனே போட்டோ எடுத்தேன்.

அண்ணாச்சி ஹெட்போனை மாட்டிக்கொண்டார். ஒரு நிமிடத் துண்டு. முடிந்ததும் மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகு கழற்றி அக்காவிடம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம்" என்றார் அக்கா.

"ஒரு தடவ கேளு, புஷ்பம்."

"வேண்டாம்னு சொல்லுதேன்லா."

அண்ணாச்சியே மாட்டிவிட்டார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம், கல்லைக் கடித்ததுபோல் ஒரு கணம் சுருங்கியது. அவசரமாகக் கழற்றினார்.

"கேக்கு" என்றார்.

"என்னக்கா கேக்குது?" என்றேன் நான்.

"வளையல்."

எனக்குப் புரியவில்லை. வாங்கி மாட்டிக்கொண்டேன். முதல் வரி, இரண்டாவது வரி... எத்தனை ஆயிரம் முறை கேட்டது. மூன்றாவது வரியில், இசை மேலே ஏறும் இடத்தில், மரத்தில் உலோகம் தட்டியது போல் ஒரு சின்ன 'டிக்'. ரேடியோவில் இத்தனை வருடமாக ஒருவர் காதிலும் விழாத சத்தம். மற்ற ஐம்பது வாத்தியங்கள் அதை மூடியிருந்தன.

அண்ணாச்சி ரீமாவைக் கூப்பிட்டார். "பேட்டா, நாம் கலத் ஹை" என்றார். பெயர் தப்பாக இருக்கிறது என்றார்.

அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "இந்தாருங்க, சும்மா இருங்க. இப்ப எதுக்கு?"

"எழுத்துத் தப்பா, அங்கிள்?" என்று இந்தியில் கேட்டாள் ரீமா.

"ஆளே தப்பு. இத வாசிச்சது நான் இல்ல. இவ."

ரீமா அக்காவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இருபது வருடமாக ஒரே கட்டடம். தண்ணீர் லாரி வந்தால் முதலில் எனக்குக் குரல் கொடுப்பவர், ஒரே வாசலில் என்னோடு காய்கறி வாங்குபவர்... அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

மியூசியத்தின் பின்பக்கம் ஒரு பெஞ்ச். அங்கே உட்கார்ந்து அண்ணாச்சி சொன்னார். ரீமாவுக்காக இந்தியில் கொஞ்சம், எனக்காகத் தமிழில் கொஞ்சம்.

கல்யாணமாகி இரண்டாவது வருடம். ரெக்கார்டிங்குக்கு முந்தின நாள் டாக்ஸிக் கதவில் அவர் கை மாட்டிக்கொண்டது. இடது கையில் இரண்டு விரல்கள் வீங்கிவிட்டன. மாண்டலினுக்கு வேறு ஆள் தேடினால் எவரும் காலியாக இல்லை. ஆள் இல்லையென்றால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். அக்கா தாராவியில் மாதா கோவில் பாட்டுக் குழுவில் பத்து வயதிலிருந்து மாண்டலின் வாசித்தவர். அவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

"அரேஞ்சர் மொதல்ல மூஞ்சியச் சுளிச்சாரு. இவ ஒரு தடவ வாசிச்சுக் காட்டினா. பொறவு ஒண்ணும் பேசல" என்றார் அண்ணாச்சி. "நான் வாசிக்கதும் மோசமில்ல, மைதிலி. ஆனா இவ வாசிச்சது வேற."

ஸ்டூடியோ ரெஜிஸ்டரில் வாத்தியக்காரர்கள் சங்கத்து அட்டை உள்ளவர்கள்தான் கையெழுத்துப் போட முடியும். அவர் போட்டார். பாட்டு ஓடியது. அந்த மாண்டலின்காரரைக் கூப்பிடு, கூப்பிடு என்று அழைப்பு வந்தது. விரல் ஆறியிருந்தது. அவர் போனார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே, அண்ணாச்சி?"

"மொத வருசம் சொல்லிரணும்னு நெனச்சேன். ரெண்டாம் வருசம், சொன்னா வேல போயிரும்னு நெனச்சேன். பொறவு நெனக்கதையே விட்டுட்டேன்."

இதைவிட நேர்மையான வாக்குமூலத்தை நான் கேட்டதில்லை. நம் எல்லோருடைய கதையும் இப்படித்தானே நடக்கிறது? யாரும் திட்டம் போட்டு இன்னொருவர் பெயரை எடுத்துக்கொள்வதில்லை. ஒரு நாள் தள்ளிப்போடுகிறோம். பிறகு அதுவே பழகிவிடுகிறது. நான் வேலை பார்த்த வங்கியில் மேனேஜர்களின் உரைகளை வருடக்கணக்காக நான்தான் எழுதினேன். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் என் உரைகளை டைப் அடித்துத் தந்து, அடிக்கும்போதே என் தப்புகளையும் திருத்திய பெண்ணின் பெயரை நான் எங்கேயாவது சொன்னேனா?

அக்காவிடம் கேட்டேன். "உங்களுக்குக் கோபமே வரலையா?"

"கோபமா... பயந்தான்" என்றார்.

"என்ன பயம்?"

"வளையல எல்லாம் கழட்டச் சொன்னாவ. கழட்டிட்டேன். இந்த ஒண்ணு மட்டும் வரல, கல்யாணத்துக்குப் போட்டது. சோப்புப் போட்டும் வரல. சரி, கைய தூக்கிப் புடிச்சு வாசின்னாவ. வாசிச்சேன். கடைசி டேக்குல, மூணாவது வரியில தட்டிருச்சு. எனக்குக் கேட்டுச்சு. சொல்லலாம்னு வாயத் தொறக்கேன், அதுக்குள்ள ஓகேன்னுட்டாவ. அம்பது பேரு எந்திரிச்சுப் பெட்டிய மூடுதாவ. காலையிலேருந்து ஒருத்தரும் சாப்பிடல. நான் ஒருத்தி சொல்லி எல்லாரையும் திரும்ப உக்கார வைக்கவா?"

"அதனால?"

"அதனால என்ன. அந்தப் பாட்டு ரேடியோவுல வந்தா, மூணாவது வரி வாரதுக்கு முன்னாடி எந்திரிச்சு வெளிய போயிருவேன். யாராவது கண்டுபுடிச்சு இவியளத் திட்டிருவாவளோன்னு."

அத்தனை வருடங்களாக அந்த மனுஷி தன் பெயர் வரவில்லையே என்று கவலைப்படவில்லை. தன் தவறு அண்ணாச்சி தலையில் விழுந்துவிடுமோ என்று கவலைப்பட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு வாசிக்கவில்லையா என்று ரீமா கேட்டாள். அக்கா சிரித்தார். "தீன் பச்சே" என்றார். மூன்று பிள்ளைகள்.

ரீமா மறுபடி சுவரிடம் போய் ஹெட்போனில் கேட்டுவிட்டு வந்தாள். நம்பிவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் ரெஜிஸ்டரில் கையெழுத்து அங்கிளுடையது, ஆதாரம் இல்லாமல் அட்டையை மாற்ற அவளுக்கு அதிகாரம் இல்லை, கமிட்டி இருக்கிறது, எழுதிக் கொடுங்கள் என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எந்தக் கட்டடத்திலும் நம்புகிறவருக்கு அதிகாரம் இருப்பதில்லை.

எழுதிக் கொடுப்பது என் பொறுப்பானது. அன்று மாலையே மெயில் அடிக்க உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். இரண்டாவது மாடிக்கு ஏறிப் போய்க் கதவைத் தட்டினேன்.

"அக்கா, உங்க முழுப்பேர் என்ன?"

"மரியபுஷ்பம். ரேஷன் கார்டுல அப்படித்தான் இருக்கு" என்றார். பிறகு, "சாப்பிட்டியளா?" என்றார்.

இருபது வருடம்.

முதல் மெயிலுக்குப் பதில் வந்தது — பெற்றுக்கொண்டோம், நன்றி. இரண்டாவதற்கு — பரிசீலனையில் இருக்கிறது. மூன்றாவதற்குப் பதிலே இல்லை. ஒரு காலத்தில் இதற்கெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கும். இப்போது மெயில்பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கே அலுப்பாக இருக்கிறது. அண்ணாச்சி தினமும் படியில் பார்க்கும்போது, "ஏதும் வந்துச்சா?" என்று கேட்பார். தலையை ஆட்டுவேன். அக்கா ஒருநாள் என்னிடம் தனியாகச் சொன்னார், "விட்டுருங்க மைதிலி. இவியளுக்கு ராத்திரி தூக்கம் வரல. எனக்குப் பேரு வேண்டாம், இவிய தூங்குனாப் போதும்."

போன வெள்ளிக்கிழமை ரீமா போன் செய்தாள். கமிட்டி ஒத்துக்கொண்டது; அட்டை மாற்றியாகிவிட்டது; வந்து பாருங்கள். அவள் குரலில் நிஜமான சந்தோஷம். சண்டை போட்டு வாங்கியிருப்பாள் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஹார்பர் லைன் ரயில், மறுபடியும் அந்தப் படிகள். அண்ணாச்சி சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அக்கா, "எதுக்கு இவ்வளவு அலட்டல்" என்று சொல்லிக்கொண்டே நல்ல சேலையாகத்தான் கட்டியிருந்தார்.

புது அட்டை. பளிச்சென்று இருந்தது. பெயர் வரவேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள்.

'மிஸஸ் தனராஜ்.'

மூன்று மெயிலிலும் முழுப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். கமிட்டியில் யாரோ, இதுதான் மரியாதை என்று நினைத்திருக்கிறார்கள். திட்டவும் முடியாது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் திட்டலாம். இதை என்ன செய்வது?

அக்கா படித்துப் பார்த்துவிட்டு, "சரி, நல்லாத்தான் இருக்கு. போவமா?" என்றார்.

அண்ணாச்சி நகரவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம்பேரு இன்னும் இருக்கே" என்றார் மெதுவாக. பிறகு சட்டைப் பையிலிருந்து பால்பாயின்ட் பேனாவை எடுத்தார். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அந்த இரண்டு சொற்களின் மேலும் நிதானமாக ஒரு கோடு போட்டார். கீழே இருந்த வெற்றிடத்தில், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். தமிழில்.

காவலாளி ஓடி வந்தார். "ஏ காகா, காய் கரதாய்?" என்று — பெரியவரே, என்ன செய்கிறீர்கள் என்று — மராத்தியில் சத்தம் போட்டு அண்ணாச்சியின் கையைப் பிடித்தார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரீமா உள்ளிருந்து வந்தாள். அட்டையைப் பார்த்தாள். கோடு போட்டதைப் பார்த்தாள். கீழே இருந்த எழுத்துகளை அவளால் படிக்க முடியவில்லை.

"என்ன எழுதியிருக்கிறார்?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஆன்ட்டியின் பெயர்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு காவலாளியிடம், "சோடுன் த்யா" என்றாள். விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். புது அட்டைக்கு, கமிட்டி அடுத்து கூடுவதற்கு மூன்று மாதமாகும் என்றும், அதுவரை இதை யாரும் தொடக்கூடாது என்றும் சொன்னாள்.

புஷ்பம் அக்கா கிட்டே போனார். கண்ணாடியை மூக்கில் இறக்கி, தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"புஸ்பம்னு எழுதியிருக்கிய" என்றார். "ஷ வரணும்."

அண்ணாச்சி அட்டையைப் பார்த்தார். பிறகு பேனாவை நீட்டினார். அக்கா அக்கம்பக்கம் பார்க்கவில்லை, காவலாளியைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. வாங்கி, அந்த ஓர் எழுத்தின் மேல் அழுத்தி எழுதினார்.

சிவ்ரிப் பக்கம் போனால் பாருங்கள் — மற்ற எழுத்துகளெல்லாம் நடுங்குகின்றன, அந்த 'ஷ்' மட்டும் நேராக நிற்கிறது.