கடைசிக்கு முந்தைய வண்டி

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். நான்காவது நாளாகத் தூறல். கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரிய வேண்டிய கல்வராயன் மலை அன்று தெரியவில்லை. அணைக்கரை மரங்களுக்கு அப்பால் வெறும் வெள்ளையாக இருந்தது. மெல்போர்னில் அப்போது பகல் பன்னிரண்டு பத்து. பேரன் தூங்குவான், என் மனைவிக்குக் கை ஒழியும்.

மகளின் பிரசவத்துக்காக ஜூன் பன்னிரண்டாம் தேதி போனவள். அன்றோடு நூற்று ஐம்பத்தெட்டு நாள். போனபோது எங்களுக்கு நடுவே நான்கரை மணி நேரம் இருந்தது. அக்டோபரில் அந்த ஊரார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொண்டார்கள், ஐந்தரை ஆகிவிட்டது. என்னைக் கேட்காமல் அவளை இன்னும் கொஞ்சம் தூரம் கொண்டுபோய்விட்டதாகவே எனக்குப் பட்டது.

திரும்பி வர டிசம்பர் இரண்டாம் தேதிக்கு டிக்கெட் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை மகள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தாள்: வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையை விட ஆளில்லை, அம்மா மார்ச் கடைசி வரை இருந்தால் நல்லது. ‘நீங்க சொன்னாத்தான்பா அம்மா இருப்பாங்க.’ தேதி மாற்றுவதானால் திங்கட்கிழமைக்குள் ஏஜெண்டிடம் சொல்ல வேண்டும். நான் பதில் போடவில்லை. முடியாது என்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் மனைவியிடமே சொல்லிவிடுவதாக இருந்தேன்.

ஆட்டம் என்றது போனில் ஆடும் குட்டிக் கார் பந்தயத்தை. அது வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் போன் பேச்சு சராசரியாக இரண்டு நிமிடம் பத்து வினாடி. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, மழை உண்டா. அதன் பிறகு இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்போம். அதைப் பார்க்கச் சகிக்காமல் மகள்தான் செப்டம்பரில் இரண்டு போனிலும் இந்தப் பந்தயத்தை ஏற்றிவிட்டாள். அதில் எட்டு வண்டிகள். எங்களுடையவை இரண்டு, மற்ற ஆறையும் இயந்திரமே ஓட்டும். முப்பது வினாடிக்கு ஒருமுறை மணி அடிக்கும். அப்போது கடைசியில் இருக்கும் வண்டி கழிந்துவிடும். ஓட்டிக்கொண்டே பேசலாம். ஆனால் ஒரு வண்டி கழிந்தால் அதன் குரலும் அறுந்துவிடும். ஆகவே முழு ஆட்டம் பிழைத்தால் மூன்று நிமிடம் முப்பது வினாடி அவள் பேச்சைக் கேட்கலாம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டால் அவள் வாய் ஓயாமல் பேசினாள்.

முப்பத்திரண்டு வருடம் சர்க்கரை ஆலையின் எடைமேடையில் கரும்பு வண்டிகளை எண்ணியவன் நான். இதையும் நோட்டுப் போட்டுத்தான் கற்றேன். முதல் மூன்று வாரம் முதலிடத்துக்கே பாய்ந்தேன். அது தவறு. முதலில் போகிற வண்டி மேல்தான் பின்னால் இருக்கும் ஏழு பேரும் குண்டு போடுவார்கள். நான்காவதாகப் போவதே உத்தமம். வேகம் கூட்டும் புட்டி கிடைத்தால் உடனே திறக்கக் கூடாது. மணி அடிக்க ஆறு வினாடி இருக்கும்போது திறக்க வேண்டும். எண்ணெய் டப்பாவை நேர்ச்சாலையில் கொட்டினால் வீண், வளைவின் உள்பக்கத்தில் கொட்ட வேண்டும். பச்சை வண்டி மூன்றாவது வளைவில் எப்போதும் வெளியே சறுக்கும், அங்கே உள்ளே நுழையலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இது முதலில் வருகிற பந்தயம் அல்ல. கடைசியில் இல்லாமல் இருக்கிற பந்தயம். கடைசிக்கு முந்தைய வண்டிகூடப் பிழைத்துவிடும்.

இவ்வளவும் தெரிந்தும் பயனில்லை. நாற்பது ஆட்டத்தில் முப்பத்தொன்றில் அவள் முதல் இரண்டு மணிக்குள் கழிந்தாள். நன்றாகத்தான் ஓட்டினாள். ஆனால் என் வண்டியை நெருங்கியதும் பிரேக் போட்டுவிடுவாள். ஒருநாள் கேட்டேன்.

“ஏன் தாண்ட மாட்டேன்ற?”

“கை வரலீங்க.”

“இதுல இன்னா இருக்குது? பொம்மை வண்டி.”

“பழக்கம்தான். சந்தைக்குப் போனா பத்தடி முன்னாடி போவீங்க. ஒரு தபா திரும்பிப் பாத்துக்கிறீங்களா? உங்க செருப்பப் பாத்துக்கினே வந்துடுவேன். வெள்ளிமலை பஸ்ல நான் வாந்தி எடுத்துக்கினு இருக்கேன், நீங்க எத்தினி வளைவுன்னு எண்ணிக்கினு வந்தீங்க.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மணி அடித்தது, குரல் நின்றது. அன்று மாலை தெருவில் பத்தடியை அளந்து பார்த்தேன். என் நடைக்கு நான்கு எட்டு. கல்யாணமான நாற்பத்தொரு வருடத்தில் நான் எண்ணாமல் விட்டது அந்த நான்கு எட்டைத்தான்.

மறுநாளிலிருந்து முறையை மாற்றினேன். திரையின் மூலையில் பின்னால் பார்க்க ஒரு பொத்தான் உண்டு. அதுவரை நான் அதைத் தொட்டதே இல்லை. புறப்பட்டதும் ஓரம் கட்டி அவளைப் போகவிடுவேன். அவளுக்குப் பின்னால், கடைசி இயந்திர வண்டிக்கு முன்னால் என் வண்டி. வருகிற வண்டியை மறிப்பதும் எண்ணெய் கொட்டுவதும் என் வேலை. இது முதலில் வருவதைவிடக் கடினம். இருபது ஆட்டம் தோற்றோம். இருவரும் கடைசி இரண்டு வண்டியாக நின்றது ஒருமுறைகூட இல்லை.

அந்த ஞாயிறு அறுபத்தொன்றாவது ஆட்டம்.

“இன்னாங்க, எங்க இருக்கறீங்க?”

“பின்னாடிதான். நீ ரோட்டப் பாரு.”

“பச்ச வண்டிக்காரன் இடிச்சிட்டுப் போறான். கண்ணு தெரியல போல.”

“அது ஆளு இல்ல, மெஷினு.”

“அந்த மெஷினுக்குத்தான் கண்ணு தெரியலன்றேன்.”

முதல் மணிக்கு நீலம் கழிந்தது. அடுத்தடுத்து மூன்று. ஐந்தாவது மணிக்கு, மூன்றாவது வளைவில் நான் கொட்டிய எண்ணெயில் பச்சை சுழன்று நின்றது. மிச்சம் ஒரு மஞ்சள் வண்டி. ஆறு வினாடி இருக்கும்போது என் புட்டியைத் திறந்து அதை முந்தினேன். ஆறாவது மணியும் அடித்தது. பாதையில் அவளும் நானும் மட்டும்.

அவள் வண்டி நின்றுவிட்டது.

“ஏன் நிக்கற?”

“நீங்க வாங்க. முன்னாடி போங்க.”

“நீ போ.”

“இத்தினி தூரம் கூட வந்துட்டு உங்கள உட்டுட்டுப் போறதா? வாங்க.”

நான் அவள் வண்டிக்கு ஓர் அடி பின்னால் நிறுத்தினேன். திரையில் பதினொன்று, பத்து, ஒன்பது.

“போன்னு சொல்றன் இல்ல. போம்மா.”

போனாள். நான் பிரேக்கை அழுத்தியபடி இருந்தேன். மணி அடிக்கும் முன் அவள் சிரிக்கத் தொடங்கினாள், வாய்விட்டு. இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடம் என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை. பாதியில் என் வண்டி கழிந்தது, குரல் அறுந்தது.

உடனே போன் வந்தது.

“செயிச்சிட்டேங்க.”

“பாத்தேன்.”

“ஏன் பிரேக் போட்டீங்க?”

“கை வழுக்கிருச்சு.”

“கை வழுக்குனா வண்டி ஓடுங்க, நிக்காது.”

பேரன் சிணுங்குவது கேட்டது. அவள் தட்டிக்கொடுத்தபடியே குரலைத் தாழ்த்தினாள். “அவ உங்களக் கேட்டாளா?”

“கேட்டா.”

“நீங்க இன்னா சொல்றீங்களோ அதான். டிக்கெட் இருக்குது, வந்துடறேன்.”

முடியாது என்ற சொல்லை இரண்டு நாளாக வாயில் வைத்திருந்தேன். வண்டியை நிறுத்தியது போலவே அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள், நான் முன்னால் போவதற்காக.

“மார்ச் வரைக்கும் இரு,” என்றேன்.



“மாத்திரைய யாரு எடுத்துக் குடுப்பாங்க?”

“எண்ணி வச்சிருக்கேன்.”

“மறக்காம முழுங்கவும் செய்யுங்க. நாளைக்கு இதே நேரத்துக்கு வண்டிய எடுங்க,” என்றாள்.

அந்தப் பேச்சு நான்கு நிமிடம் ஐம்பது வினாடி. வைத்த பிறகு மாடிக்குப் போனேன். மலை அப்போதும் தெரியவில்லை.

திங்கட்கிழமை கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறி ஏஜெண்டைப் பார்த்து டிசம்பர் இரண்டை மார்ச் இருபத்தெட்டாக மாற்றினேன். இன்னும் நூற்று முப்பது நாள். தேதி மாற்றவும் விலை வித்தியாசத்துக்கும் சேர்த்து 14,270 ரூபாய், போக வரப் பஸ்ஸுக்கு 36, ஒரு டீ 12. ஆக மொத்தம் பதினான்காயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு ரூபாய்.